மூன்று நாற்பதுக்கு வந்த புள்ளி

கருமாதி முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, செத்துப்போன என் நண்பனின் அழைப்புக்குறி என் ரேடியோவில் வந்தது.

நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மேசைமேல் ரேடியோ எப்போதும் போல மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தை நகத்தால் ஒரே இழுப்பில் கீறுவது போன்ற அந்தச் சத்தம் கேட்டதும், பழக்கத்தில் கணினித் திரையைத் திரும்பிப் பார்த்தேன். அவனுடைய எழுத்துகளும் எண்ணும் தெரிந்தன. பக்கத்தில் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அது எஸ்டேட் குடியிருப்பில் எங்கள் லய வரிசைக்கு இரண்டு லயம் தள்ளி, அவன் வீட்டுக் கூரைமேல் நின்றது.

இஸ்திரிப் பெட்டியைச் சட்டையிலேயே வைத்துவிட்டேன் போல. துணி கருகும் வாடை வந்த பிறகுதான் எடுத்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே சத்தம், அதே எழுத்துகள், அதே இடம்.

இதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் தேயிலை ஃபேக்டரியில் வயர்மேன். அவன் எஸ்டேட்டின் தண்ணீர்க்காரன். எங்கள் லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் மேலே காட்டிலிருந்து வருகிறது. ஓடைகளில் இரண்டு இடத்தில் சின்னத் தடுப்புக் கட்டி, கறுப்பு பாலி பைப்பில் தண்ணீரை இறக்குகிறார்கள். மழை பெய்தால் இலையும் மண்ணும் வந்து வாயை அடைத்துவிடும். யாராவது ஏறிப்போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த யாராவது அவன்தான். தனியாகத்தான் போவான். ஒரு பாராங்கத்தி, ஒரு மண்வெட்டி, பிளாஸ்டிக் பையில் சோறு. மேலே போன் எடுக்காது.

ஹேம் ரேடியோ என் கிறுக்கு. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இரும்புக் குழாயில் ஏரியல் நட்டு, மாலையில் ஈப்போக்காரர்களோடும் பினாங்குக்காரர்களோடும் பேசிக்கொண்டிருப்பேன். அவன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பான். ஒருநாள், "பேசறது எல்லாம் சரி மச்சான். நான் மேல இருக்கறப்போ எங்க இருக்கேன்னு இது சொல்லுமா?" என்று கேட்டான். சொல்லும் என்றேன். குரலை அனுப்பாமல், ஆள் நிற்கும் இடத்தை எண்களாக்கி, ஒரு கீறல் சத்தத்தில் பொட்டலம் கட்டி அனுப்புகிற முறை ஒன்று இருந்தது. அதற்குப் பெயரே பேக்கெட் ரேடியோ. கேட்கும் நிலையம் அதைப் பிரித்து வரைபடத்தில் புள்ளியாக வைக்கும்.

அவன் அதற்காகவே படித்துப் பரீட்சை எழுதினான். முதல் தடவை தோற்றான், இரண்டாம் தடவை பாஸ். லைசென்ஸோடு கொடுக்கும் எழுத்தும் எண்ணுமாக அவனுக்கென்று அழைப்புக்குறி வந்த அன்று, அதை மார்க்கரில் தன் தண்ணீர்ப் பூட்ஸில் எழுதிக்கொண்டான். நான் அவனுக்குச் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி செய்து கொடுத்தேன். உள்ளே ஜிபிஎஸ், சின்ன ரேடியோ, பேட்டரி, பாதையைச் சேமித்து வைக்க ஒரு மெமரி கார்டு. நடந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரமும், நின்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரமும் இடத்தைச் சொல்லும். காட்டிலிருந்து என் வீட்டு ஏரியலுக்கு நேராக எட்டாது. அதனால் பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் இன்னொரு பெட்டி வைத்தோம். சோலார் தட்டும் பேட்டரியும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் மூன்று தடவை ஏறினோம். அந்த மலைப்பெட்டி அவன் கருவி சொல்வதைக் கேட்டு, என் வீட்டுக்குத் திருப்பிச் சொல்லும். என் கணினி அதை இன்டர்நெட்டில் போடும். அவன் மனைவி கைப்பேசியில் பார்ப்பாள். அவள் ஃபேக்டரியில் பேக்கிங் பகுதியில் வேலை செய்பவள். டீ நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "எறங்கிட்டாரு" என்று மற்றப் பெண்களிடம் சொல்வாள்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது.

மலைப்பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் அது வாய் திறக்காது. அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருக்கும். நல்ல குணம்தான். ஆனால் மேட்டுக்குக் கீழே ஒரு பூத்தோட்டத்தில் புது பம்ப் போட்டார்கள். அதன் கன்ட்ரோல் பெட்டியிலிருந்து வரும் இரைச்சலை மலைப்பெட்டி யாரோ பேசுவதாக எடுத்துக்கொண்டது. பக்கத்திலிருந்து அவன் கருவி சொன்னால் அந்த இரைச்சலுக்கு நடுவிலும் அதற்குக் கேட்கும். திருப்பிச் சொல்லத்தான் காத்துக்கொண்டிருக்கும். பம்ப் நின்றதும், பிடித்து வைத்ததை எல்லாம் மொத்தமாகச் சொல்லும். அந்தப் பொட்டலத்தில் இடம் மட்டும்தான் இருக்கும், நேரம் இருக்காது. வந்து சேர்ந்த நேரத்தைத்தான் வரைபடம் போட்டுக்கொள்ளும்.

இது எனக்கு முன்பே தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழி இல்லை. ஓர் ஆகஸ்ட் மாதம் அவன் என் வீட்டில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது, திரையில் அவன் புள்ளி மேலே காட்டில் போய் நின்றது. கருவி அவன் பையில், எங்கள் காலடியில் கிடந்தது. இருவரும் சிரித்தோம். "உன் பெட்டி பொய் சொல்லுது மச்சான். சரி பண்ணு லா" என்றான். பழையதைப் பிடித்து வைக்காமல் தூக்கிப் போட்டுவிடு என்று பெட்டிக்குள் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். கேபிளை எடுத்துக்கொண்டு மேலே ஏறினால் கால் மணி நேர வேலை. அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் ஃபேக்டரியில் ஒரு மோட்டார் எரிந்துபோனது. அதற்கடுத்த வாரம் மழை.

டிசம்பரில் நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு லயங்களில் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. அவன் காலை எட்டு மணிக்குக் கிளம்பினான். போகிற வழியில் என் வீட்டு ஜன்னலைத் தட்டி, கருவியின் விளக்கு எரிவதைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன். மேல் தடுப்புக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தது. வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரை மணிக்கு அவன் மனைவி நான் வேலை செய்யும் பக்கம் வந்தாள். மூன்று மணிக்குள் இறங்கிவிடுவார், இன்னும் வரவில்லை என்றாள். நான் கைப்பேசியைத் திறந்தேன். மேல் தடுப்பிலிருந்து கொஞ்சம் இறங்கி, மேல் பாதையில் புள்ளி நின்றது. பக்கத்தில் நேரம்: மூன்று நாற்பது. "இப்பத்தான்மா, முக்கா மணி நேரம் முன்ன மேல் பாதையில இருந்திருக்கான். வந்துருவான்" என்றேன். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அதை இன்னும் பார்க்கிறேன்.

ஐந்து மணிக்கும் வரவில்லை. எஸ்டேட் ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் சொன்னோம். அவர் ஆபீசிலிருந்து பொம்பாவுக்குப் போன் செய்தார். எங்கள் ஊரில் தீயணைப்பு மீட்புப் படையை யாரும் வேறு பெயரில் சொல்வதில்லை. அவர்கள் வருவதற்குள் எஸ்டேட் ஆட்கள் எட்டுப் பேர் திரண்டுவிட்டோம். காட்டோரத்துப் பூர்வகுடிக் கிராமத்திலிருந்து ஓர் அஸ்லி மனிதரும் வந்தார். தேன் எடுக்கிறவர். அந்தக் காட்டில் அவருக்குத் தெரியாத மரம் இல்லை. என் நண்பனோடு பழக்கமும் உண்டு.

முக்கால் மணி நேரம் ஏறினால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மேல் தடுப்புக்கு ஏறும். இன்னொன்று பள்ளத்தில் இருக்கும் கீழ்த் தடுப்புக்கு இறங்கும். மூடுபனி இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அஸ்லி மனிதர் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். மேலிருந்து வந்த பூட்ஸ் தடம் பள்ளத்துப் பக்கம் திரும்பியிருக்கிறது, கீழே இறங்கிவிட்டான் என்று மலாயில் சொன்னார். கீழேயே திறந்து வைத்திருந்த வரைபடத்தோடு கைப்பேசியை நீட்டினேன். மூன்று நாற்பதுக்கு அவன் மேல் பாதையில் இருந்திருக்கிறான், தடம் காலையில் போட்டதாக இருக்கும் என்றேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு தடத்தைப் பார்த்தார். இந்த மழையில் காலைத் தடம் இப்படி நிற்காது என்றார்.

பொம்பா அதிகாரி இளைஞர், மரியாதையானவர். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளிச்சம் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, எல்லோரும் ஒரே பக்கம் போவதுதான் பத்திரம் என்றார். பிறகு என்னிடம், "இது நிச்சயம்தானா?" என்று கேட்டார்.

"நிச்சயம்" என்றேன். "மெஷின் பொய் சொல்லாது."

ஆகஸ்ட் மாதத்துக் கிழங்கும் சிரிப்பும் அந்த நேரத்தில் என் நினைவில் வரவேயில்லை. எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். நினைவு வந்தும் மறைத்தேன் என்றில்லை. வரவேயில்லை. பயத்தில் இருக்கும் மனிதன் கையில் இருப்பதைத்தான் பிடித்துக்கொள்கிறான். என் கையில் அந்தப் புள்ளி இருந்தது.

எல்லோரும் மேலே ஏறினோம். இருட்டும்வரை மேல் தடுப்பைச் சுற்றிக் கூப்பிட்டோம். அது சுத்தம் செய்யப்பட்டுத் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக்கூட நான் தப்பாகத்தான் படித்தேன். வேலையை முடித்துவிட்டு இங்கேயே எங்கோ இருக்கிறான் என்றேன். ஏழரைக்கு எங்களை இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளத்தில் கண்டுபிடித்தார்கள். கரை சரிந்து, ஒரு மரக்கட்டை தொடையின்மேல் விழுந்திருந்தது. தடுப்பின் வாயிலிருந்து பாதி இலையை அள்ளி வெளியே போட்டிருந்தான். உடலைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அஸ்லி மனிதர் என் பக்கம் பார்க்கவில்லை. விழுந்த உடனே உயிர் போகவில்லை என்றும், பல மணி நேரம் இருந்திருக்கலாம் என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னதாகக் கிராணி என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். அவன் மனைவிக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினாறு நாளும் நான் அந்த வீட்டு வேலைகளைச் செய்தேன். பந்தல் போட்டது, விளக்கு இழுத்தது, நாற்காலி அடுக்கியது எல்லாம் நான்தான். பேசாமல் செய்ய வேலை இருந்தது. பதினேழாம் நாள்தான் அந்தப் புள்ளி அவன் கூரைமேல் வந்தது.

கருகிய சட்டையை அப்படியே போட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில், கருவி இருந்தது. அதன் பச்சை விளக்கு எரிந்தது. போலீஸ் பொருள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவள் சார்ஜ் போட்டு, அவன் செய்வதைப் பார்த்திருந்தபடி பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.

"காட்டுதா அண்ணே?" என்று கேட்டாள்.

"காட்டுது."

"எங்க காட்டுது?"

"வீட்டுல."

அவள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். செத்தவரின் அழைப்புக்குறியைக் காற்றில் விடக்கூடாது என்பது சட்டம். அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. இரண்டு வாரம் அந்தப் புள்ளி அங்கேயே இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் என் மேசையில் அந்தக் கீறல் சத்தம். ரேடியோவை நிறுத்தியிருக்கலாம். கை போகவில்லை. சாப்பிடும்போது வரும், குளித்துவிட்டு வரும்போது வரும். என் வீட்டுக்காரி எண்ண ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் அவளே, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள் என்றாள்.

பேட்டரியைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிக் கருவியை வாங்கி வந்தேன். மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு, கருவியை அன்றே திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பதிவில் நேரம் இருந்தது. செயற்கைக்கோள் கொடுத்த நேரம், யாரும் மாற்ற முடியாதது. மேல் பாதையில் அந்த இடத்தில் அவன் நின்றது பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு. மூன்று நாற்பது என்பது பம்ப் நின்று மலைப்பெட்டி வாய் திறந்த நேரம். பன்னிரண்டு ஐம்பத்தாறுக்குப் பிரிவைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறான். அதன் பிறகு மலைப்பெட்டிக்கு அவன் சத்தம் எட்டவில்லை. ஒன்று இருபதுக்குக் கீழ்த் தடுப்பு. ஒன்று ஐம்பதிலிருந்து நகரவில்லை.

ஆனால் கருவி நிறுத்தவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. நாங்கள் பிரிவில் நின்று வாதம் செய்த நேரத்துக்கும் வரி இருந்தது. நான் நிச்சயம் என்று சொன்ன நேரத்துக்கும் இருந்தது. விடியற்காலை நாலு பதினாறுக்குக் கடைசி வரி. பேட்டரி அதோடு முடிந்திருக்கிறது.

வரிகள் ஒரே இடத்தைச் சொல்லவில்லை. நாலு மீட்டர் இப்படி, ஆறு மீட்டர் அப்படி என்று ஆடியிருந்தன. அடர்ந்த மரத்துக்குக் கீழே ஜிபிஎஸ் அப்படித்தான் தடுமாறும், மேசைமேல் வைத்தாலும் ஆடும். எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரிகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன். ஆறு நாற்பதுக்கு ஓர் அசைவு இருக்கிறது. எட்டு பத்துக்கு ஒன்று. அது கருவியின் தடுமாற்றமா, பையை இழுத்த அவன் கையா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஃபேக்டரியில் உருட்டு இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு நடுவில் சில நாள் அந்தக் கீறல் கேட்கிறது. நின்று கேட்டால் இருக்காது.

அடுத்த ஞாயிறு மலைப்பெட்டிக்கு ஏறி அந்த அமைப்பை மாற்றினேன். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. இறங்கி நேராக அஸ்லி மனிதரின் வீட்டுக்குப் போனேன். நீங்கள் சொன்னதுதான் சரி, என் பெட்டி பழைய இடத்தைச் சொல்லியிருக்கிறது என்றேன். அன்று நாங்கள் இறங்கிய பிறகு அவர் மட்டும் டார்ச்சோடு பள்ளத்தில் பாதி தூரம் போயிருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்தாராம். ஓடை இரைச்சலில் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை, மண் வேறு சரிந்துகொண்டிருந்தது, திரும்பிவிட்டேன் என்றார். இன்னும் நூறு அடி போயிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். ஆறுதல் தேடியோ, திட்டு வாங்கவோ நான் போயிருந்தேன். போன இடத்திலும் அதே முள்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே அவன் மனைவியிடம் சொன்னேன். வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்ட் மாதம், பம்ப், அடுத்த வாரம் என்றது, பிரிவில் அஸ்லி மனிதர் தடத்தைக் காட்டியது, நான் நிச்சயம் என்றது, ஆஸ்பத்திரியில் சொன்னது. முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விடிய விடிய அனுப்பிக்கிட்டே இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"ஒருத்தருக்கும் கேக்கல."

"கேக்கல."

உள்ளே போய்க் கருவியை நிறுத்தினாள். பச்சை விளக்கு அணைவதை வாசலிலிருந்து பார்த்தேன். "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க அண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சளி பிடித்த குழந்தையிடம் குளிரில் நிற்காதே என்பது போலச் சொன்னாள். ஃபேக்டரியில் ஒரே கூரையின்கீழ் ஐந்து மாதம் அவள் என்னோடு பேசவில்லை. நானும் போய் நிற்கவில்லை.

கிராணியிடமும் மேனேஜரிடமும் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, அது உன் சொந்தப் பொழுதுபோக்கு, எஸ்டேட் வேலை இல்லை, மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்றார். தண்ணீர் வேலைக்குப் புது ஆள் வந்தார். இனி தனியாக யாரும் ஏறக்கூடாது என்று விதி போட்டார்கள். ஆனால் இரண்டாவது ஆள் பாதி நாள் கிடைப்பதில்லை. நான் பள்ளத்தைப் பார்த்தபடி இன்னொரு மலைப்பெட்டி வைத்தேன். புது ஆளிடம் லைசென்ஸ் வாங்கச் சொல்லி, பரீட்சைக்கு நானே சொல்லிக்கொடுத்து, பேசும் ரேடியோவும் கருவியும் கொடுத்தேன். கருவி சொல்வதை நம்பாதீர்கள், மணிக்கு ஒருதரம் குரலில் கூப்பிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் கூப்பிடுகிறார்.

அவர் முதல்முதலாகப் பள்ளத்துக்கு இறங்கிய நாளில் ஃபேக்டரிக்கு விடுமுறை. மழைத் தூறல். வாசலில் நிழல் தெரிந்தது. அவன் மனைவி. குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, அவன் உட்காரும் ஸ்டூலைத் தாண்டிப் பாயில் உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு கீழ எறங்கியிருக்காராமே. எங்க இருக்காரு?"

திரையைக் காட்டினேன். கீழ்த் தடுப்புக்கு நூறு மீட்டர் முன்னால் புள்ளி நின்றது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இது இப்பவா, அப்பவா?"

மைக்கை எடுத்துக் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும். அவள் விரல்கள் பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது தடவை, ஓடைச் சத்தத்துக்கு நடுவில், மூச்சு வாங்கும் குரல் வந்தது. கையில் மண்வெட்டி, அதான் எடுக்க முடியல, தடுப்புகிட்டதான் நிக்கிறேன் என்றார் அவர்.

என் வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் மனைவி தொடவில்லை. அந்த ஆள் மேலேறி, பிரிவைத் தாண்டி, லயத்துக் குழாயடிக்கு வந்து பூட்ஸ் கழுவும் சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மழை பெய்து குழாய்த் தண்ணீர் நின்று, அந்த ஆள் மேலே ஏறுகிற நாள்களில் இப்போதும் வருகிறாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மணிக்கு ஒருதரம் நான் கூப்பிடுகிறேன். பதில் வரும்வரை இரண்டு பேரும் பேசுவதில்லை.